ஏழு வயது மகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ்: குன்னூரிலேயே சேர்ப்பதா, கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்வதா?

பெட்போர்டுவாசி:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் பெட்போர்டுக்கு அருகில் வசிக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. கதவு நிலையில் கால்களை ஊன்றி ஏறுவதும் மெத்தையில் குட்டிக்கரணம் போடுவதும் அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே உள்ள பழக்கம். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை, உடம்பு நன்றாக வளைகிறது, பயம் என்பதே இல்லை, முறையாக ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொடுங்கள் என்று சொன்னதிலிருந்து நாங்கள் விசாரித்து வருகிறோம். இரண்டு இடங்களைப் பார்த்திருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் தெரியவில்லை.

முதலாவது, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ள ஒரு கூடம். காலையில் யோகாவுக்கும் மாலையில் கராத்தேவுக்கும் வாடகைக்கு விடப்படும் அந்த இடத்தில் வாரத்தில் மூன்று மாலைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு நடக்கிறது. பயிற்சியாளர் இளைஞர், கல்லூரி நாட்களில் மாநிலப் போட்டிகளில் கலந்துகொண்டவர், குழந்தைகளிடம் அன்பாகப் பேசுகிறார். ஆனால் கருவிகள் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. சிமென்ட் தரையின்மேல் ஒன்றோடொன்று கோக்கும் வண்ண மேட்டுகள், ஒரு தடித்த மெத்தை, சுவரோரம் ஒரு நீண்ட பெஞ்சு, அவ்வளவுதான். ஏறத்தாழ முப்பது குழந்தைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, கோயம்புத்தூரில் உள்ள ஒரு கிளப். சமநிலையோடு நடக்கும் குறுகலான பீம், கைகளால் தொங்கும் பார், ஓடி வந்து கை ஊன்றித் தாண்டும் வால்ட், ஸ்பிரிங் வைத்த தளம், நுரைத் துண்டுகள் நிரப்பிய குழி என எல்லாமே அங்கு இருக்கின்றன. வரவேற்பறைச் சுவரில் இடமில்லாத அளவுக்குப் பதக்கங்கள் தொங்குகின்றன. சனி, ஞாயிறு வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகச் செலுத்த வேண்டும் என்றும், பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்றும் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறார்கள்.

அவளை ஒலிம்பிக்குக்கு அனுப்பும் கனவெல்லாம் எங்களுக்கு இல்லை. ஆனால் ஆர்வம் இருக்கும் குழந்தைக்கு அரைகுறையாகக் கற்றுக்கொடுத்துக் கழுத்தையோ முதுகையோ கெடுத்துவிடக் கூடாது என்ற அச்சம் இருக்கிறது. ஏழு வயது என்பது தாமதமா? ஒரு பயிற்சிக் கூடத்தில் எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அரவேணுக்காரர்:

சகோதரி, முதலில் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கருவிகளைப் பார்த்து மயங்கும்போது நாம் மறந்துவிடுவது அதைத்தான். என் மூத்த மகளைக் கோத்தகிரிப் பாதை வழியாகக் கோயம்புத்தூருக்கு வார இறுதிகளில் அழைத்துச் சென்று வந்தவன் நான். குன்னூரிலிருந்து கல்லாறு வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்கி, வெயிலில் மேட்டுப்பாளையம் சாலை நெரிசலைக் கடந்து, வாந்தி எடுத்தோ எடுக்காமலோ போய்ச் சேரும் குழந்தை, உடனே தலைகீழாக நிற்கும் பயிற்சிக்குத் தயாராக இருக்காது. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்த பிறகுதான் என் மகளால் ஒழுங்காகச் செய்ய முடிந்தது. அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் சனிக்கிழமை முழுவதும் போய்விடும்.

ஏப்ரல், மே மாதங்களில் மேலே வரும் வண்டிகளுக்குக் குன்னூர்ச் சாலை, கீழே இறங்கும் வண்டிகளுக்குக் கோத்தகிரிச் சாலை என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நம் பக்கத்தில்தான் அதிகம் கொட்டுகிறது. மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ அந்த வாரப் பயிற்சி இல்லை. ஆகவே ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மாதக் கட்டணமோ, மூன்று மாதக் கட்டணமோ ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று சொல்லும் இடம், குழந்தை நடுவில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கும் இடமாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் விசாரியுங்கள். பெரிய கிளப்புகளில் முதன்மைப் பயிற்சியாளர் வார நாட்களில் தினமும் வரும் போட்டிக் குழுவைத்தான் கவனிப்பார். வார இறுதி வகுப்பு பெரும்பாலும் உதவியாளர்கள் கையில் இருக்கும். நுரைக் குழியும் ஸ்பிரிங் தளமும் இருக்கின்றன என்பது உண்மையாக இருக்கலாம். அவற்றில் உங்கள் மகள் எத்தனை நிமிடம் இருப்பாள், பக்கத்தில் யார் நிற்பார் என்பதே கேள்வி. சுவரில் தொங்கும் பதக்கங்களை வாங்கிய பிள்ளைகள் இப்போது எங்கே, இன்னும் பயிற்சி செய்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் முகத்தையும் கவனியுங்கள்.

பழைய பி.டி. மாஸ்டர், உதகை:

அம்மா, உங்கள் கேள்வி தெளிவாக இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவிட்டு, நீண்ட காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஏழு வயது தாமதம் இல்லை. இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் ஆறு வயதில் தொடங்கியவர், தொடங்கும்போது அவருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. பெரிய நகரம் எதுவும் அல்லாத அகர்தலாவில், ஒரே பயிற்சியாளரான விஸ்வேஸ்வர் நந்தியிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து, 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிப் போட்டியில் 15.066 புள்ளிகளுடன் நான்காவதாக வந்தார்; வெண்கலத்துக்கு 0.15 புள்ளிதான் குறைவு. பெண்கள் பிரிவில் சர்வதேச மூத்தோர் போட்டிகளுக்கு அந்த ஆண்டில் பதினாறு வயது நிறைய வேண்டும் என்பது விதி. ஆகவே அவசரப்படுத்தும் பயிற்சியாளருக்கு எந்த நியாயமும் இல்லை. அகர்தலாவை நான் சொல்வது கருவிகள் தேவையில்லை என்பதற்காக அல்ல. இந்த வயதில் குழந்தைக்குத் தேவைப்படுவது வாரத்தில் பல நாட்கள் அவள் உடம்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது தரைக்கு வருகிறேன். போட்டித் தளம் என்பது பன்னிரண்டு மீட்டர் நீள அகலத்தில், ப்ளைவுட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கும் மேலே நுரையும் விரிப்பும் கொண்டது. பீம் ஐந்து மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். ஏழு வயதுக் குழந்தைக்கு இவற்றில் எதுவும் முதல் ஆண்டில் கட்டாயம் இல்லை. ஆனால் சிமென்ட்டின்மேல் கோக்கும் மேட்டுகள் போதாது. அவை கராத்தேவுக்கு நிற்கவும் யோகாவுக்கு உட்காரவும் செய்யப்பட்டவை. ஓடி வந்து கரணம் போடும்போது இணைப்புகள் விலகி, விரலோ கணுக்காலோ அந்த இடைவெளியில் சிக்கும். சுருட்டி விரிக்கும் நீண்ட மேட், உருளக் கற்றுக்கொடுக்க ஒரு சாய்வு மேட், இறங்குவதற்கு முழங்கால் உயரத்துக்கு ஒரு தடித்த மேட், தரையோடு ஒட்டிய ஒரு பீம், தொங்குவதற்குத் தாழ்வான ஒரு பார் ஆகியவை இருந்தால் அடிப்படைகள் அனைத்தையும் கற்றுக்கொடுத்துவிடலாம். பீம் இல்லையென்றால் தரையில் ஒரு கோடு வரைந்துகூடத் தொடங்கலாம். தடித்த மேட்டுக்குத்தான் மாற்று இல்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. கூடத்தை வெயில் அடிக்கும் மாலையில் பார்க்காதீர்கள். மூடுபனி இறங்கிய நாளிலோ மழை நாளிலோ போய்ப் பாருங்கள். மேட்டின் மேல் உறையைக் கையால் தடவினால் ஈரம் தெரியும். அந்த ஈரத்தில் கை ஊன்றினால் வழுக்கும். உறை கிழிந்திருந்தால் உள்ளே இருக்கும் நுரை நீரைக் குடித்துப் பூஞ்சை பிடித்து, பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும் மிதித்தால் தரை தட்டும். உள்ளங்கையால் அல்ல, குதிகாலால் அழுத்திப் பாருங்கள். சுண்ணப்பொடி என்று பிள்ளைகள் சொல்லும் மக்னீசியம் கார்பனேட்கூட இங்கே கட்டிதட்டிப்போகும். குளிரில் தசை இறுகியிருக்கும். சமவெளியில் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றினால் போதும் என்றால் இங்கே டிசம்பர், ஜனவரியில் இருபது நிமிடமாவது வேண்டும். பிள்ளைகள் வந்தவுடன் நேராகக் கால்களைப் பிளக்க வைக்கிறார்கள் என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கற்றுக்கொடுக்கும் வரிசையைப் பாருங்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் விழக் கற்றுக்கொடுப்பார்: முழங்காலை மடக்கி இறங்குவது, பின்னால் விழும்போது கையைப் பின்னே ஊன்றாமல் உருண்டுவிடுவது. முன்கை எலும்பு முறிவுகளில் பல, நீட்டிய கையை ஊன்றி விழுவதால் வருபவை. அதன்பின் முன் கரணம், பின் கரணம், முதுகை வில்லாக வளைத்து நிற்கும் பாலம், சுவரோடு கைகளில் நிற்பது, பக்கவாட்டில் சக்கரம்போல் சுழலும் கார்ட்வீல். இவையே ஓராண்டு எடுக்கும். சேர்ந்த சில வாரங்களிலேயே காற்றில் பல்டி அடிக்க வைத்து, அதைக் காணொளி எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பும் வகுப்பு இருக்கிறதே, அது பெற்றோருக்காக நடத்தப்படும் வகுப்பு.

முப்பது பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது முடியாத காரியம். தொடக்க நிலையில் எட்டு, பத்துப் பேருக்கு ஒருவர் என்பதே நான் கடைப்பிடித்த வரம்பு. ஒரு வழி சொல்கிறேன்: வகுப்பு முழுவதையும் பார்க்காமல் ஏதேனும் ஒரு குழந்தையை மட்டும் தொடர்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அவள் வரிசையில் நின்ற நேரம் எவ்வளவு, உண்மையில் உடம்பை அசைத்த நேரம் எவ்வளவு, பயிற்சியாளர் அவளிடம் எத்தனை முறை வந்தார் என்பது தெரிந்துவிடும். அவர் பிடிக்கும்போது கை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கைகளில் நிற்கும் குழந்தையைக் கணுக்காலைப் பிடித்துத் தூக்குபவருக்குத் தொழில் தெரியாது. இடுப்பையும் தொடையையும் தாங்குபவருக்குத் தெரியும்.

பயிற்சியாளரின் தகுதியைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் வேறு, பயிற்சி அளிக்கக் கற்றதற்கான சான்றிதழ் வேறு. பாட்டியாலாவில் பட்டயப் படிப்பும் உண்டு, ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. இரண்டும் இல்லாதவர் என்றால், யாரிடம் உதவியாளராக இருந்து கற்றார் என்று கேளுங்கள். முதலுதவி தெரியுமா, கழுத்தில் அடிபட்ட குழந்தையைத் தூக்கக் கூடாது என்பது தெரியுமா என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பள்ளி ஆசிரியை பயமே இல்லை என்று பாராட்டியிருக்கிறார். பயிற்சியாளர்களுக்கு அது பாராட்டு அல்ல, எச்சரிக்கை. பயமில்லாத குழந்தையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அவளுக்கும் ஒருநாள் பயம் வரும், மாட்டேன் என்பாள். அப்போது பயிற்சியாளர் உயரத்தைக் குறைத்து ஒரு படி பின்னால் போகிறாரா, கேலி செய்கிறாரா என்பதில்தான் கூடத்தின் தரம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிப்போகிறது என்று சொல்லிப் பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலகினார். உலகின் மிகச் சிறந்த வீராங்கனைக்கு உள்ள அந்த உரிமை ஏழு வயதுக் குழந்தைக்கும் உண்டு.

இயன்முறை மருத்துவர், வெலிங்டன்:

மாஸ்டர் சொன்னவற்றோடு உடம்பைப் பற்றிச் சில வார்த்தைகள். குழந்தையின் உடல் நன்றாக வளைகிறது என்பதை எல்லோரும் வரமாகவே பார்க்கிறார்கள். முழங்கையும் முழங்காலும் இயல்பைவிடப் பின்னோக்கி மடங்குகின்றனவா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மூட்டுகள் தளர்வானவை என்று பொருள். அத்தகைய குழந்தைக்கு மேலும் வளையக் கற்றுக்கொடுப்பதைவிட, அந்த மூட்டுகளைப் பிடித்து நிறுத்தும் தசை வலிமைதான் முதலில் தேவை. கால்களைப் பிளந்து உட்காரும் குழந்தையின் தோளிலோ தொடையிலோ பெரியவர் ஏறி அழுத்துவதை நான் எந்த வகுப்பிலும் ஏற்க மாட்டேன். இடுப்புத் தசைக் கிழிசலோடு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வளரும் எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸில் கையே காலின் வேலையைச் செய்கிறது. உடல் எடை முழுவதும் மணிக்கட்டின் வழியாக இறங்குகிறது. மணிக்கட்டில், அதிலும் கட்டைவிரல் பக்கத்தில், கை ஊன்றும்போதெல்லாம் வலி இருப்பதாகக் குழந்தை சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாமல் ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகை வில்லாக வளைக்கும்போது இடுப்புக்கு மேலே வலி, அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், முள்ளெலும்பில் நுண்முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிகால் வலியும் இந்த வயதில் பொதுவானது. பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும்.

எவ்வளவு நேரம் என்பதற்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல், வாரப் பயிற்சி நேரம் குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது. ஏழு வயதென்றால் வாரம் ஏழு மணி நேரம் உச்ச வரம்பு, இலக்கு அல்ல. தொடக்கத்தில் மூன்று, நான்கு மணி நேரமே தாராளம். அதுவும் வாரத்தில் பரவலாக இருப்பது நல்லது. சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் மொத்தமாகத் திணித்து ஐந்து நாட்கள் சும்மா விடுவது உடம்புக்கும் கற்றலுக்கும் ஏற்றதல்ல என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் உள்ளூர் வகுப்பின் பக்கம் சாய்கிறேன், அதன் தரையைச் சரிசெய்தால்.

உணவைப் பற்றிப் பயிற்சியாளர் குழந்தையிடம் பேசக் கூடாது. எடை குறை, வயிறு தெரிகிறது என்ற சொல் ஏழு வயதில் விழுந்தால் பதினேழு வயது வரை போகாது. போதிய அளவு சாப்பிடாமல் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண் குழந்தைகளுக்குப் பூப்பெய்துவது தள்ளிப்போவதும் எலும்பு அடர்த்தி குறைவதும் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டவை. சில பெற்றோர் வீட்டில் பழகட்டும் என்று டிராம்போலின் வாங்குகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் குதிக்கும்போது எடை குறைந்த குழந்தைக்குத்தான் அடிபடும்.

சட்டம் படித்தவள்:

பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்ற நிபந்தனையை யாரும் தொடாததால் எழுதுகிறேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில், 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்தனர். பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் நடந்த கொடுமைகளை விசாரித்து 2022-இல் வெளிவந்த வைட் அறிக்கை, எடையைச் சொல்லி அவமானப்படுத்துவது, வலிக்க வலிக்க வளைப்பது, காயத்தோடு பயிற்சி செய்ய வைப்பது ஆகியவை அங்குள்ள கிளப்புகளில் எவ்வளவு ஊறியிருந்தன என்று பதிவு செய்தது. நம் ஊர்க் கூடங்கள் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்கு மறைவான கூடத்தில் குழந்தையை விடச் சொல்வதற்கு ஒரு விளக்கம் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அதேவேளை, பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது. நாசர் வழக்கில் சில கொடுமைகள் தாய் அதே அறையில் இருந்தபோதே நடந்தன. ஜிம்னாஸ்டிக்ஸில் தொட்டுப் பிடிக்காமல் கற்றுக்கொடுக்க முடியாது என்பதால், எங்கே பிடிப்பார், எதற்காகப் பிடிப்பார் என்பதைப் பயிற்சியாளர் குழந்தைக்கும் உங்களுக்கும் முன்பே சொல்லட்டும். அந்தக் காரணம் இல்லாமல் யார் தொட்டாலும் வீட்டில் வந்து சொல்லலாம், திட்ட மாட்டோம் என்பதை நீங்கள் மகளிடம் சொல்லுங்கள். உடை மாற்றும் இடம், பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ இருக்கிறாரா, போட்டி உடையில் எடுத்த படங்களை யார் எங்கே பகிர்கிறார்கள், பயிற்சியாளர் குழந்தைக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறாரா, வெளியூர்ப் போட்டிக்கு யார் உடன் செல்கிறார்கள் ஆகியவற்றைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கிளப் நிர்வாகமும் அதில் அடக்கம். குழந்தைகள் உதவி எண் 1098.

பழைய பி.டி. மாஸ்டர், உதகை:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: தினமும் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்து முதுகை நேராக்கு, காலை நீட்டு என்று குரல் கொடுத்தால் பயிற்சி நடக்காது, அந்தத் தொல்லையை நானே அனுபவித்திருக்கிறேன். கண்ணாடிச் சன்னலோ மாடத்தில் ஓர் இடமோ ஒதுக்கி, பேசாமல் பார்க்கலாம் என்று சொல்வது நியாயமான ஏற்பாடு. எப்போதும் எவரும் பார்க்கக் கூடாது என்பது நியாயம் அல்ல.

கூடலூர்த் தாத்தா:

எல்லோரும் கிளப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. உதகையில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இந்த ஆண்டு எந்தெந்த விளையாட்டுகள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு மாவட்டத்தில் யார் யார் உண்மையான பயிற்சியாளர் என்பதும் தெரிந்திருக்கும். கம்பத்திலும் கயிற்றிலும் ஏறி உடலை வளைத்துச் செய்யும் மல்லர் கம்பத்தையும் மறந்துவிடாதீர்கள். கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது இடம்பெற்றுவிட்டது; நம் மாநிலத்தில் விழுப்புரம் பிள்ளைகள் அதில் பெயர் பெற்றவர்கள். கயிற்றில் ஏறும் வகைக்கு ஒரு உறுதியான விட்டமும் கீழே ஒரு நல்ல மேட்டும் போதும். கதவு நிலையில் ஏறும் குழந்தைக்கு அது பிடிக்கலாம். என் பேரன் கிரிக்கெட்தான் ஆடுவேன் என்கிறான், அது வேறு கதை.

பெட்போர்டுவாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டு இரண்டு இடங்களுக்கும் மறுபடி போய் வந்தோம்.

கோயம்புத்தூர் கிளப்பில் கட்டாயப்படுத்திக் கேட்ட பிறகு ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதித்தார்கள். உண்மையைச் சொன்னால் கற்றுக்கொடுக்கும் முறை அங்கேதான் சிறப்பாக இருந்தது. விழும் பயிற்சியையே முதலில் செய்ய வைத்தார்கள், ஒரு சிறுமி பீமில் நின்று அழுதபோது இறக்கிவிட்டுத் தரைப் பீமில் செய்யச் சொன்னார்கள். ஆனால் அரவேணு ஐயா சொன்னபடி வார இறுதி வகுப்புக்கு உதவியாளர்கள்தான், கூட்டமும் அதிகம். முன்பணத்தில் அவர்கள் இறங்கி வரவில்லை.

உள்ளூர்க் கூடத்துக்கு மழை பெய்துகொண்டிருந்த மாலையில் போனோம். மேட்டுகள் ஈரமாகத்தான் இருந்தன. தடித்த மெத்தையைக் குதிகாலால் அழுத்தியதும் தரை தட்டியது. பயிற்சியாளரிடம் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தான் ஆறு வாரப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழையும் காட்டினார், கூடத்தின் வாடகையே கட்டணத்தில் பாதியை எடுத்துக்கொள்வதால் மேட் வாங்க முடியவில்லை என்றும் சொன்னார். பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நேரம் ஒதுக்கவும், உதவிக்கு ஒரு பெண்ணை அமர்த்தவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டணம் சற்றுக் கூடும். பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு சுருட்டு மேட்டும் ஒரு சாய்வு மேட்டும் ஒரு தடித்த மேட்டும் வாங்கித் தருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அவை வந்து சேரும் வரை ஓடிச் சென்று போடும் கரணங்கள் வேண்டாம், வலிமைப் பயிற்சியும் உருளும் பயிற்சியும் மட்டும் என்று முடிவு.

கோடை விடுமுறையில் கோவையில் உள்ள என் நாத்தனார் வீட்டில் சில வாரங்கள் தங்கவைத்து, அந்தக் கிளப்பின் விடுமுறை வகுப்பில் வார நாட்களில் விடலாமா என்றும் யோசிக்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம் என்பதால் ஆண்டு முன்பணச் சிக்கல் இல்லை. பீமையும் பாரையும் அங்கே பழகிக்கொள்ளலாம்.

மாஸ்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி: மேட்டுகளை நம் குளிரிலும் ஈரத்திலும் எப்படி வைத்துக்கொள்வது, வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பழைய பி.டி. மாஸ்டர், உதகை:

நல்ல ஏற்பாடு, அம்மா. சுருட்டு மேட் வாங்கும்போது நீரை உறிஞ்சாத மூடிய நுரையால் செய்ததா என்று கேளுங்கள். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தால் தெரிந்துவிடும். தடித்த மேட்டில் உள்ள நுரை உறிஞ்சும் வகைதான், வேறு வழியில்லை. அதனால் அதன் உறை முழுமையாக இருக்க வேண்டும், தையல் ஓரங்களும் ஜிப்பும் தரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிமென்ட் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், இரண்டு மரச் சட்டங்களின்மேல் காற்று போகும்படி நிமிர்த்தி வையுங்கள். வெயில் வருகிற நாளில் வெளியே போட்டுக் காயவிடலாம், ஆனால் உச்சி வெயிலில் நாள் முழுவதும் விட்டால் உறை வெடிக்கும். கோவையில் பழைய மேட்டுகள் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், ஜிப்பைத் திறந்து உள்ளே உள்ள நுரையை முகர்ந்து பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.